ஓர் ஆடி கார், இரண்டு கோர்ட்டுகள்: வோர்ல்டு-வைடு வோக்ஸ்வாகன் வழக்கு

1976இல் ஒரு தம்பதி நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லையை ஒட்டிய மசீனா என்ற சின்ன ஊரில், சீவே என்கிற டீலரிடம் புது ஆடி 100 எல்எஸ் கார் ஒன்றை வாங்கினார்கள். மறு வருடம் நியூயார்க்கை விட்டு அரிசோனாவில் குடியேறப் புறப்பட்டார்கள். வழியில் ஓக்லஹோமா மாநிலத்தில், நெடுஞ்சாலையில் குடித்துவிட்டு ஓட்டிவந்த ஒருவர் பின்னாலிருந்து மோத, ஆடி தீப்பிடித்தது. உள்ளே இருந்த தாயும் இரண்டு பிள்ளைகளும் மிக மோசமான தீக்காயங்களோடு உயிர் தப்பினார்கள்.

இதிலிருந்து கிளம்பிய வழக்கின் பெயர் 'வோர்ல்டு-வைடு வோக்ஸ்வாகன் எதிர் உட்சன்'. 1980 ஜனவரி 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் சட்டம் படிக்கப் போகிறவர்கள் அநேகமாக எல்லோரும் முதல் வருடத்திலேயே இதைப் படித்துவிடுவார்கள். ஆனால் பெட்ரோல் டேங்கை அந்த இடத்தில் வைத்தது சரியா, அந்தத் தாய்க்கு யார் நஷ்டஈடு தர வேண்டும் என்பதைப் பற்றி அந்தத் தீர்ப்பில் எதுவும் இல்லை. எந்தக் கோர்ட்டுக்கு யாரை இழுக்கலாம் என்ற ஒரே கேள்விக்காக மூன்று வாசல் ஏறி இறங்கிய வழக்கு இது. அமெரிக்க நீதி அமைப்பு எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல கதவு கிடையாது, அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மோதியவரிடம் வசூலிக்க ஒன்றும் இல்லை. எனவே குடும்பத்தின் வழக்கறிஞர் காரின் பக்கம் திரும்பினார். டேங்கும் எரிபொருள் அமைப்பும் தவறாக வடிவமைக்கப்பட்டு, தவறான இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன, அதனால்தான் தீ இந்த அளவுக்குப் போனது என்று விபத்து நடந்த இடத்தின் உள்ளூர் நீதிமன்றமான கிரீக் கவுண்டி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். பிரதிவாதிகள் நான்கு பேர். ஜெர்மனியில் காரைத் தயாரித்த ஆடி நிறுவனம், அதை அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்த வோக்ஸ்வாகன் ஆஃப் அமெரிக்கா, நியூயார்க், நியூஜெர்சி, கனெக்டிகட் ஆகிய மூன்று மாநிலங்களுக்கு மட்டும் விநியோகம் செய்த வோர்ல்டு-வைடு (பெயர்தான் உலகம் முழுக்க, வியாபாரம் மூன்று மாநிலம்), கடைசியாக மசீனாவில் காரை விற்ற சீவே.

முதல் இரண்டும் பெரிய நிறுவனங்கள், எவ்வளவு பெரிய நஷ்டஈடு என்றாலும் கட்டக்கூடியவை. அவை இருக்கும்போது பின்னால் வரும் இரண்டு பேர் எதற்கு? உச்ச நீதிமன்ற நீதிபதி ஹாரி பிளாக்மனுக்கே இது புரியவில்லை. விநியோகஸ்தரையும் டீலரையும் வழக்கில் வைத்தே தீருவேன் என்று வாதிகள் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று குழம்பிப்போவதாகத் தன் மாறுபட்ட தீர்ப்பிலேயே எழுதினார். அந்தக் குழப்பத்துக்கான விடைதான் வழக்கின் உயிர்.

விடைக்குப் போக அமெரிக்காவில் கோர்ட்டுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று தெரிய வேண்டும். மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஒரே ஏணியைப் பார்த்துப் பழகிய நமக்கு இது முதலில் குழப்பும். அங்கே ஏணி ஒன்றல்ல. 50 மாநிலங்களுக்கும் தனித்தனி ஏணி உண்டு, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஓர் உயர்ந்த நீதிமன்றம், பெரும்பாலும் அதன் பெயரே அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம். இவற்றுக்குப் பக்கத்தில், ஃபெடரல் அரசின், அதாவது மத்திய அரசின், ஏணி தனியாக நிற்கிறது. 94 ஃபெடரல் மாவட்ட நீதிமன்றங்கள், அவற்றுக்கு மேல் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், அதற்கும் மேல் வாஷிங்டனில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமெரிக்க உச்ச நீதிமன்றம். ஒரே ஊரில், சில சமயம் ஒரே தெருவில், மாநில கோர்ட்டும் ஃபெடரல் கோர்ட்டும் இருக்கும். ஆனால் ஒன்றின் தீர்ப்பை எதிர்த்து மற்றொன்றுக்கு மேல்முறையீடு போக முடியாது.

மாநில நீதிமன்றம் ஏறக்குறைய எந்த வழக்கையும் கேட்கலாம். ஃபெடரல் நீதிமன்றம் அப்படியில்லை. அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவும் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) இயற்றிய சட்டமும் அனுமதித்த வழக்குகளை மட்டும்தான் அது தொட முடியும். பெரும்பாலான சிவில் வழக்குகள் இரண்டு வழியில் உள்ளே வருகின்றன. ஃபெடரல் சட்டத்தை ஒட்டிய வழக்கு என்றால் ஒரு வழி. பெட்ரோல் டேங்கின் குறைபாடு மாநிலச் சட்டத்தின் கீழ் வரும் விஷயம், அதனால் இங்கே அந்த வழி இல்லை. இரண்டாவது வழி, வாதியும் பிரதிவாதியும் வெவ்வேறு மாநிலத்தவராக இருப்பது. வெளியூர்க்காரருக்கு உள்ளூர் கோர்ட்டில் பாரபட்சம் நடந்துவிடக் கூடாது என்ற பயத்தில் 1789லேயே ஏற்படுத்தியது இது. இதற்கு ஒரு தொகை வரம்பும் உண்டு, அப்போது 10,000 டாலர், இப்போது 75,000. வாதி மாநில கோர்ட்டில் போட்ட வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகக்கூடியதாக இருந்தால், பிரதிவாதிகள் அதை அங்கே மாற்றிக்கொண்டு போகலாம்.

ஆனால் 1806இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் சொன்ன ஒரு விதி இன்றும் அப்படியே நிற்கிறது: பிரித்தால் முழுசாகப் பிரிய வேண்டும். வாதிகளில் ஒருவரும் பிரதிவாதிகளில் ஒருவரும் ஒரே மாநிலத்தவராக இருந்தாலே போதும், அந்த வழியாக ஃபெடரல் கதவு திறக்காது.

இப்போது பிரதிவாதிகள் நால்வரையும் மறுபடி பாருங்கள். ஆடி ஜெர்மன் நிறுவனம். வோக்ஸ்வாகன் ஆஃப் அமெரிக்கா நியூஜெர்சி நிறுவனம். வோர்ல்டு-வைடும் சீவேயும் நியூயார்க். அந்தக் குடும்பம் எந்த மாநிலம்? நியூயார்க்கை விட்டுக் கிளம்பிவிட்டார்கள், அரிசோனாவுக்குப் போய்ச் சேரவில்லை. ஒருவரின் நிரந்தர வசிப்பிடம் மாற வேண்டுமென்றால் புது இடத்துக்குப் போய்ச் சேரவும் வேண்டும், அங்கேயே தங்கும் எண்ணமும் வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். எண்ணம் இருந்தது, போய்ச் சேர்வதற்குள் தீ முந்திக்கொண்டது. அதனால் ஓக்லஹோமா ரோட்டில் நின்ற அந்தக் குடும்பம் சட்டத்தின் கண்ணில் இன்னும் நியூயார்க்காரர்கள்தான். சீவேயும் வோர்ல்டு-வைடும் வழக்கில் இருக்கிற வரைக்கும் நியூயார்க் எதிர் நியூயார்க், வழக்கு கிரீக் கவுண்டியைவிட்டு நகராது. அவர்கள் இருவரும் வெளியே போன மறுகணம் ஆடியும் வோக்ஸ்வாகனும் வழக்கைத் தூக்கிக்கொண்டு டல்சா நகர ஃபெடரல் கோர்ட்டுக்குப் போய்விடலாம்.

வாதிகள் அந்த இரண்டு பேரிடமிருந்து பணம் எதிர்பார்க்கவில்லை. வழக்கு நகராமல் பிடித்துவைக்கும் நங்கூரமாகத்தான் அவர்கள் தேவைப்பட்டார்கள்.

சரி, கிரீக் கவுண்டியில் நடந்தால் என்ன, டல்சாவில் நடந்தால் என்ன? 1938இல் வந்த ஈரி ரயில்ரோடு தீர்ப்புக்குப் பிறகு, இந்த மாதிரி வழக்குகளில் ஃபெடரல் கோர்ட்டும் மாநிலத்தின் சட்டத்தைத்தான் பின்பற்ற வேண்டும். ஆக இரண்டு இடத்திலும் பொறுப்பைத் தீர்மானிக்கும் சட்டம் ஒன்றுதான், மாறுவது கேட்பவர்கள். விபத்தில் அடிபட்டவர்களுக்குத் தாராளமாக நஷ்டஈடு கொடுக்கும் இடம் என்று கிரீக் கவுண்டி ஜூரிக்கு (தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுக்கப்படும் குழு) வழக்கறிஞர்கள் மத்தியில் பெயர் இருந்தது. ஃபெடரல் கோர்ட்டோ இன்னும் பரந்த ஒரு பகுதியிலிருந்து ஜூரியை எடுக்கும். இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஓக்லஹோமா அரசியலமைப்பின்படி சிவில் வழக்கில் ஜூரியில் நான்கில் மூன்று பங்கு, அதாவது 12 பேரில் ஒன்பது பேர், ஒத்துக்கொண்டால் தீர்ப்பு. ஃபெடரல் கோர்ட்டிலோ இரு தரப்பும் வேறு மாதிரி சம்மதித்தால் ஒழிய ஜூரி ஒருமனதாக இருக்க வேண்டும். ஒன்பது பேரின் மனதைத் தொடுவதும் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருடைய மனதையும் தொடுவதும் ஒரே வேலை இல்லை. தீக்காயத்தோடு ஜூரி முன்னால் வந்து உட்காரப்போகும் ஒரு தாய்க்காக வாதாடுகிற வழக்கறிஞர் இந்த வித்தியாசத்துக்காகப் போராடியதில் எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை.

சீவேயும் வோர்ல்டு-வைடும் வெளியேற ஒரு வழி இருந்தது. கோர்ட்டுக்கு வழக்கின் மேல் அதிகாரம் இருந்தால் மட்டும் போதாது, பிரதிவாதியின் மேலும் அதிகாரம் இருக்க வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு. வழக்கின் வகையை ஒட்டிய ஃபெடரல் அதிகாரத்தை இரு தரப்பும் கைகுலுக்கிச் சம்மதித்தாலும் உண்டாக்க முடியாது. ஆள் மீதான அதிகாரத்தையோ பிரதிவாதி விட்டுக்கொடுக்கலாம், ஆரம்பத்திலேயே ஆட்சேபிக்காமல் இருந்தாலே விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். அதனால் இருவரும் தொடக்கத்திலேயே, 'எங்களை இங்கே இழுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்வதற்கு மட்டுமே வந்திருக்கிறோம்' என்கிற சிறப்பு ஆஜர் வழியாகக் கோர்ட்டுக்கு வந்தார்கள்.

இந்த ஆள் மீதான அதிகாரத்துக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பென்னோயர் எதிர் நெஃப் வழக்கில், மாநிலத்தின் எல்லைதான் அதன் அதிகாரத்தின் எல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லைக்குள் இருக்கும்போது சம்மன் கையில் கொடுத்தாயா, அதிகாரம் உண்டு, இல்லையா, இல்லை. ரயிலும் காரும் மாநிலம் தாண்டிய கம்பெனிகளும் பெருகிய பிறகு இது தாங்கவில்லை. 1945இல் இன்டர்நேஷனல் ஷூ வழக்கு வந்தது. செயின்ட் லூயிஸில் தலைமையகம் கொண்ட செருப்புக் கம்பெனி, வாஷிங்டன் மாநிலத்தில் அதற்கு ஆபீஸ் கிடையாது, பத்துப் பன்னிரண்டு விற்பனையாளர்கள் மட்டும் மாதிரி காட்ட ஜோடியில் ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டு சுற்றினார்கள். (அந்த ஒற்றைச் செருப்பு தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.) வேலையில்லாதோர் நிதிக்குக் கட்ட வேண்டிய பணத்தை மாநிலம் கேட்டபோது, நாங்கள் இங்கே இல்லவே இல்லை என்றது கம்பெனி. விற்பனையாளர்களுக்கு ஆண்டுக்கு மொத்தம் 31,000 டாலருக்கு மேல் கமிஷன் போயிருக்கிறது, இல்லவே இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்த மாநிலத்தோடு குறைந்தபட்சத் தொடர்பு இருந்து, அங்கே வழக்காடச் சொல்வது நியாயத்துக்கு ஒத்துவந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் புது அளவுகோல் வைத்தது. அதற்கு ஆதாரம் அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம்: முறையான சட்ட நடைமுறை இல்லாமல் எந்த மாநிலமும் யாருடைய உடைமையையும் பறிக்கக் கூடாது.

மசீனாவில் ஒரு காரை விற்றவருக்கு ஓக்லஹோமாவோடு குறைந்தபட்சத் தொடர்பு இருக்கிறதா? கிரீக் கவுண்டி நீதிபதி சார்ல்ஸ் உட்சன் ஆட்சேபத்தை ஏற்கவில்லை. இருவரும் அவர் மேலும் விசாரிக்காமல் தடுக்கும் பேராணை கேட்டு ஓக்லஹோமா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கின் பெயரில் அடிபட்ட குடும்பம் இல்லாமல் நீதிபதியின் பெயர் வந்தது இப்படித்தான், தடுக்கச் சொல்வது அவரைத்தானே. மாநில உச்ச நீதிமன்றமும் மறுத்தது. கார் என்பதே ஊர் ஊராகப் போவதற்காகச் செய்யப்பட்ட பொருள், அது ஓக்லஹோமாவுக்கு வரும் என்பது விற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், இங்கே ஓடும் கார்களிலிருந்து அவர்களுக்கு வருமானமும் வந்திருக்கும் என்பது அதன் வாதம்.

மாநிலச் சட்டத்துக்கு அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லும் பொருளே கடைசிப் பொருள், அதை வாஷிங்டன் மாற்ற முடியாது. ஆனால் 14ஆவது திருத்தம் ஃபெடரல் விஷயம். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் வழக்கு மாநில ஏணியின் உச்சியிலிருந்து அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குத் தாவியது.

அங்கே ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் டீலரும் விநியோகஸ்தரும் ஜெயித்தார்கள். பைரன் வைட் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். இருவரும் ஓக்லஹோமாவில் விற்கவில்லை, விளம்பரம் செய்யவில்லை, அங்கே ஆபீஸோ ஏஜென்ட்டோ இல்லை, இந்த ஒரு காரைத் தவிர அவர்கள் விற்ற வேறெந்தக் காரும் அங்கே போனதாகப் பதிவுகூட இல்லை. கார் அங்கே போகக்கூடும் என்று ஊகிக்க முடிவது மட்டும் போதாது, தன் சொந்தச் செயலால் அந்த மாநிலத்தில் கோர்ட்டுக்கு வரவேண்டியிருக்கும் என்று பிரதிவாதி எதிர்பார்க்கும்படி இருக்க வேண்டும் என்றார். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் உதாரணம் சொல்கிறார். விஸ்கான்சினில் கார் ஜாக்கி விற்றவர் நியூஜெர்சிக்கு ஓட வேண்டும், ஃபுளோரிடாவில் கூல்டிரிங்க்ஸ் விற்றவர் அலாஸ்காவுக்கு. விற்ற பொருளே விற்றவரின் ஏஜென்ட் ஆகி, போகிற இடமெல்லாம் அவர் சார்பில் சம்மன் வாங்கும்.

மறுத்த மூவரின் எழுத்தையும் விடாமல் படிக்க வேண்டும். கார் மற்ற பொருள் மாதிரியா, போவதற்கென்றே விற்கப்படுவதுதானே என்று தர்குட் மார்ஷல் கேட்டார். நாடு முழுக்க விரிந்த சர்வீஸ் வலையின் ஒரு கண்ணியாக இருந்து அதன் பலனை அனுபவிக்கிற டீலர், அந்த வலை போகிற இடத்தில் பதில் சொல்லமாட்டேன் என்பது சரியா என்பது அவர் கேள்வியின் சாரம். வில்லியம் பிரென்னன் இன்னும் ஆழமாகப் போனார். காயப்பட்டவர்கள், சாட்சிகள், விபத்து நடந்த ரோடு எல்லாம் ஓக்லஹோமாவில் இருக்கும்போது, பிரதிவாதியின் வசதியை மட்டும் அளந்து பார்ப்பது பழைய காலத்து அளவுகோல் என்றார்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சின்னக் கடைக்காரர் ஒருவரைப் பாதுகாக்க வேண்டும் என்ற வைட்டின் அக்கறை எனக்குப் புரிகிறது, பொது விதியாக அது நல்ல விதியும்கூட. ஆனால் இந்த வழக்கில் அந்தச் சின்னக் கடை ஒரு முகமூடியாகிவிட்டது. சீவே வெளியேறியதால் லாபம் அடைந்தவர்கள் ஆடியும் வோக்ஸ்வாகனும். அவர்கள் ஓக்லஹோமாவில் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்பதில் உச்ச நீதிமன்றத்தில் சண்டையே இல்லை, அவர்கள் அங்கே மேல்முறையீட்டுக்கு வரவும் இல்லை. டீலருக்கு எவ்வளவு கஷ்டம் என்று பக்கம் பக்கமாக எழுதிய தீர்ப்பு, நிஜமாக நடந்துகொண்டிருந்த சண்டை ஜூரி யார் என்பதைப் பற்றியது என்பதைத் தொடவே இல்லை. பிளாக்மன் குழம்பியதையாவது வெளிப்படையாக எழுதினார், அதற்காகவே அவரை மதிக்கிறேன்.

'எங்கே' என்ற கேள்வி வழக்கையே தீர்த்துவிடுவது நமக்கும் தெரியாத விஷயமில்லை. போபால் விஷவாயுவில் பாதிக்கப்பட்டவர்களின் வழக்குகள் நியூயார்க் ஃபெடரல் கோர்ட்டில் நீதிபதி ஜான் கீனன் முன் வந்தபோது, 1986இல் அவர் இந்தியாதான் பொருத்தமான இடம் என்று திருப்பி அனுப்பினார், யூனியன் கார்பைடு இந்திய நீதிமன்றங்களின் அதிகாரத்தை ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அங்கே பயன்பட்ட விதி வேறு, அதிகாரம் இருந்தும் வசதி கருதி ஒதுங்குகிற விதி. அமெரிக்க ஜூரி முன் அந்த வழக்கு போகவே இல்லை. 1989இல் 47 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

வைட் வகுத்த அளவுகோல் இன்றும் உயிரோடு இருக்கிறது, ஆனால் பெரிய நிறுவனங்கள் அதை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கு 2021இல் ஒரு வரம்பு வந்தது. மான்டனாவிலும் மினசோட்டாவிலும் நடந்த இரண்டு விபத்துகளில் ஃபோர்டு நிறுவனம், அந்தக் கார்களை நாங்கள் இந்த மாநிலங்களில் விற்கவில்லை, வேறு மாநிலத்தில் விற்றவை பிறகு இங்கே வந்தன, எனவே எங்களை இங்கே இழுக்க முடியாது என்று வாதிட்டது. அதே மாடல்களை அதே மாநிலங்களில் விளம்பரம் செய்து, விற்று, பழுதுபார்த்துக் கொடுக்கிற கம்பெனி இப்படிச் சொல்ல முடியாது என்று எலீனா கேகன் எழுதினார், விசாரித்த எட்டு நீதிபதிகளும் முடிவில் ஒத்துப்போனார்கள். ஆடியும் வோக்ஸ்வாகனும் ஓக்லஹோமாவில் இருந்த நிலையைத்தான் அவர் முன்னுதாரணமாக எடுத்துக்கொண்டார்.

அப்புறம் அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆனது? நங்கூரம் கழன்றதும், எதிர்பார்த்தபடியே, வழக்கு கிரீக் கவுண்டியிலிருந்து டல்சா ஃபெடரல் கோர்ட்டுக்கு மாறியது. 1982 ஜனவரியில் விசாரணை நடந்தது. டேங்க் இருந்த இடம்தான் காரணம் என்றது வாதித் தரப்பு. மோதல் அவ்வளவு வேகத்தில் நடந்தது, எந்தக் காராக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றது எதிர்த்தரப்பு. டல்சா ஜூரி நிறுவனங்களின் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் மேல்முறையீடு, காரை உண்மையில் வடிவமைத்தது எந்த ஜெர்மன் நிறுவனம் என்ற தகராறு, அதை ஒட்டிய புது வழக்கு என்று 1990கள் வரை ஃபெடரல் கோர்ட்டுகளில் அந்தக் குடும்பத்தின் பெயர் வந்துகொண்டே இருந்தது. கிரீக் கவுண்டியின் ஜூரி முன்னால் மட்டும் அவர்கள் கடைசி வரை உட்காரவில்லை.